போர்க்கப்பலை விமானந்தாங்கியாக மாற்றுவது அவ்வளவு சுலபமா?



திருவக்கரை என்றதும் உங்களில் பலருக்கு வக்ரகாளியம்மன் கோயிலின் பௌர்ணமிக் கூட்டம் நினைவுக்கு வரும். சிலருக்குக் கல்மரப் பூங்கா. எனக்கு முதலில் நினைவுக்கு வருவது என் பெரியப்பாவின் வெல்டிங் பட்டறைதான். சுற்றுவட்டாரக் கல் குவாரிகளுக்கு ஓடும் டிப்பர் லாரிகளுக்கு பாடி ஒட்டுவது, பிய்ந்த கதவைப் பற்றவைப்பது, தேய்ந்த தரைத்தகட்டை மாற்றுவது, இதுதான் அங்கே வேலை. லீவு நாட்களில் நானும் அங்கேதான் கிடப்பேன்.

ஒருநாள் டீ குடித்துக்கொண்டே ஐ.என்.எஸ். விக்ரமாதித்யாவைப் பற்றிப் பேச்சு வந்தது. ரஷ்யாவின் பழைய கப்பல் ஒன்றை விமானந்தாங்கியாக மாற்றி நமக்குக் கொடுத்தார்கள், 2004-ல் ஒப்பந்தம் போட்டு 2013-ல்தான் கைக்கு வந்தது என்று சொன்னேன். பெரியப்பா கிளாஸைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்: "ஏண்டா, கப்பல்தான் கீழ ரெடியா இருக்குதே. மேல இருக்கிற பீரங்கியெல்லாம் வெட்டி எடுத்துட்டு, தகட்டை விரிச்சு அடிச்சா மைதானம் ஆயிடப் போவுது. இதுக்கா ஒம்பது வருஷம்?"

மூன்றாம் ஆண்டு மெக்கானிக்கல் படிக்கிற எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. அந்த வெட்கத்தில் தேடிப் படித்ததுதான் இந்தக் கட்டுரை. நாம் பாஸானால் போதும் என்று படிக்கிற ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸும் ஹைட்ராலிக்ஸும் எங்கெல்லாம் போய் நிற்கின்றன என்பதைப் படிக்கப் படிக்க எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

முதலில் கப்பலைப் பார்ப்போம்

சோவியத் யூனியன் காலத்தில், இன்றைய உக்ரைனில் உள்ள நிகோலாயேவ் நகரத்தில் கட்டப்பட்டு 1987-ல் கடற்படையில் சேர்ந்த கப்பல் 'பாக்கு'. பின்னாளில் அதற்கு 'அட்மிரல் கோர்ஷ்கோவ்' என்று பெயர் மாற்றினார்கள். இது முழுமையான விமானந்தாங்கி அல்ல. பாதி குரூஸர், பாதி விமானத்தளம். முன்பாதியில் கப்பல்களைத் தாக்கும் பெரிய ஏவுகணைக் குழாய்கள் 12, இரண்டு 100 மில்லிமீட்டர் பீரங்கிகள், இன்னும் பல ஆயுதங்கள். பின்பாதியில் இடதுபுறமாகச் சாய்ந்த ஒரு தளம். அதிலிருந்து செங்குத்தாக எழும்பி இறங்கக்கூடிய யாக்-38 ரக விமானங்கள் பறந்தன. செங்குத்தாக இறங்குகிற விமானத்துக்கு ஓடுபாதை வேண்டாம் அல்லவா? அதனால்தான் முன்பாதியை ஆயுதங்களுக்கு விட்டுவைத்தார்கள்.

1994-ல் இதன் பாய்லர் அறையில் ஒரு வெடிவிபத்து நடந்தது. 1996-ல் கப்பலைப் பணியிலிருந்து எடுத்துவிட்டார்கள். 2004 ஜனவரி 20-ம் தேதி இந்தியா ஒப்பந்தம் போட்டது. கப்பல் இலவசம், மாற்றும் வேலைக்கு மட்டும் 97 கோடியே 40 லட்சம் டாலர். 2008-ல் ஒப்படைப்பு என்று பேச்சு. ஓடி வந்து நிற்கிற மிக்-29கே விமானங்கள் இதில் இறங்க வேண்டும். அதாவது ஓடுபாதையே இல்லாத கப்பலுக்கு ஓடுபாதை போடவேண்டும்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். கப்பலைக் கட்டிய யார்டு உக்ரைனில். மாற்றும் வேலையை எடுத்துக்கொண்ட செவ்மாஷ் யார்டு ரஷ்யாவின் வடகோடியில், வெண்கடல் ஓரம் செவெரோத்வின்ஸ்க் நகரில். செவ்மாஷ் நீர்மூழ்கிக் கப்பல்களுக்குப் பேர்போன இடம். 1991-க்குப் பிறகு இரண்டும் வேறு வேறு நாடுகள். ஒரு பட்டறையில் கட்டிய வண்டியை இன்னொரு பட்டறையில் பிரித்தால் என்ன நடக்கும் என்பது பெரியப்பாவுக்கு நன்றாகவே தெரியும்.

கப்பல் என்பது ஒரு பீம்

நாம் எஸ்.ஓ.எம். வகுப்பில் சிம்ப்ளி சப்போர்ட்டட் பீம், கேன்டிலீவர் பீம் என்று படம் போட்டுத் தள்ளுகிறோம். கப்பலும் ஒரு பீம்தான். தாங்குவது மட்டும் சுவர் அல்ல, தண்ணீர். பெரிய அலையின் முகடு கப்பலின் நடுவயிற்றில் வந்து நின்றால், இரண்டு நுனிகளும் தொங்கும். மேல்தளம் இழுபடும், அடிப்பாகம் நசுங்கும். இதற்கு ஹாகிங் என்று பெயர். அலையின் பள்ளம் நடுவில் வந்து, முகடுகள் இரண்டு நுனியிலும் வந்தால் தலைகீழ்: மேல்தளம் நசுங்கும், அடிப்பாகம் இழுபடும். இது சாகிங். கடலில் இருக்கும் வரை, ஒரு நிமிடத்துக்குப் பலமுறை, இது மாறி மாறி நடந்துகொண்டே இருக்கும்.

இப்போது பழைய கப்பலுக்கு மேல் இன்னொரு தளம் போடுகிறோம். நியூட்ரல் ஆக்ஸிஸிலிருந்து தூரம் கூடக் கூட ஸ்ட்ரெஸ் கூடும் என்பது நமக்குத் தெரிந்த சூத்திரம். புதிய தளம்தான் எல்லாவற்றையும்விட உயரத்தில் இருக்கிறது. ஆகவே அதைக் கீழே உள்ள உடம்போடு இறுக்கமாகச் சேர்த்துவிட்டால், அதிக ஸ்ட்ரெஸ் அதன்மீதுதான் விழும். மெல்லிய தகடு அடித்தால் இழுக்கும்போது கிழியும், அழுத்தும்போது மடங்கும்.

இதற்கு இரண்டு வழிகள். ஒன்று, புதிய தளத்தையே பலமான முக்கியத் தளமாக ஆக்கிவிடுவது. இரண்டு, முக்கிய பலத்தைக் கீழ்த்தளத்திலேயே விட்டுவிட்டு, மேலே உள்ளதைப் பந்தல் மாதிரி லேசாகப் போட்டு, நடுநடுவே விரிவு இணைப்பு கொடுத்துவிடுவது. பாலங்களில் பார்க்கிறோமே, அதே எக்ஸ்பான்ஷன் ஜாயின்ட்தான். 1927-ல் பணிக்கு வந்த அமெரிக்காவின் 'லெக்சிங்டன்', 'சாரடோகா' முதல் வழியில் கட்டப்பட்டவை. இரண்டாம் உலகப் போர்க்காலத்து அமெரிக்க 'எஸ்ஸெக்ஸ்' வகைக் கப்பல்கள் இரண்டாவது வழி. எது சரி என்று ஒரே வரியில் சொல்ல முடியாது. முதல் வழியில் உடம்பு பலம், ஆனால் எடை உச்சியில். இரண்டாவதில் எடை குறைவு, ஆனால் மேல்தளம் சுலபமாக அடிபடும்.

இதில் இன்னொரு தொல்லை லிஃப்ட். கீழே ஹேங்கரில் நிற்கும் விமானத்தை மேலே கொண்டுவர, தளத்தில் பெரிய ஓட்டை போடவேண்டும். இழுபடும் தகட்டில் ஓட்டை போட்டால் மூலைகளில் ஸ்ட்ரெஸ் குவியும். விக்ரமாதித்யாவில் இரண்டு லிஃப்ட்களும் தளத்துக்குள்ளேயேதான் இருக்கின்றன, ஏனென்றால் பழைய கப்பலின் அமைப்பு அப்படி. முதலிலிருந்தே விமானந்தாங்கியாக வரைந்து, கொச்சியில் கட்டி, 2022 செப்டம்பர் 2-ம் தேதி பணியில் சேர்ந்த புதிய விக்ராந்தில் லிஃப்ட்கள் தளத்தின் ஓரத்தில் இருக்கின்றன. ஓடுபாதை நடுவே ஓட்டை இல்லை. மாற்றிக் கட்டியதற்கும் புதிதாகக் கட்டியதற்கும் உள்ள வித்தியாசத்தை இந்த ஒரு இடத்திலேயே பார்த்துவிடலாம்.

டிப்பர் கவிழ்ந்த கதை

இனி வருவதுதான் மிக முக்கியமான பகுதி. இதைச் சொல்ல ஒரு சொந்தக் கதை தேவைப்படுகிறது.

சில வருடங்களுக்கு முன் ஒரு லாரி முதலாளி, டிப்பரின் பக்கச் சுவரை ஒன்றரை அடி உயர்த்தித் தரச் சொன்னார். ஒரு நடையில் இன்னும் கொஞ்சம் ஜல்லி ஏற்றலாம் என்ற கணக்கு. பெரியப்பா ஆங்கிள் வைத்துத் தகடு அடித்துக் கொடுத்தார். வெல்டிங் அருமையான வெல்டிங், அதில் ஒரு குறையும் இல்லை. பதினைந்தே நாளில் குவாரி மேட்டில் திரும்பும்போது ஒருபக்கச் சக்கரம் மண்ணில் இறங்கியது. லாரி அப்படியே சாய்ந்து படுத்துவிட்டது. டிரைவருக்குக் கால் உடைந்தது. பெரியப்பா அடித்த தகடு ஒரு இடத்தில்கூடப் பிரியவில்லை. அன்றிலிருந்து பக்கச் சுவர் உயர்த்தும் வேலையை அவர் தொடுவதில்லை. "நான் ஒட்டினது உடையலடா, அதான் எனக்குத் தூக்கம் வரல" என்று ஒருமுறை சொன்னார்.

உடையாமல் கவிழ்வது. கப்பலிலும் இதே ஆபத்துதான்.

நம் ஹைட்ராலிக்ஸ் லேபில் தொட்டியில் ஒரு தகரப் படகு மிதக்குமே, குறுக்குக் கம்பியில் எடையை நகர்த்தி, ஊசல் எவ்வளவு சாய்கிறது என்று பார்த்து மெட்டாசென்ட்ரிக் உயரம் கண்டுபிடிப்போமே, அதே கணக்கு. பலபேர் போன பேட்ச் ரெக்கார்டைப் பார்த்து ரீடிங் எழுதுகிற பரிசோதனை அது! இந்த முறை உண்மையாகவே போட்டுப் பார்ப்போம்.

செவ்வக வடிவ மிதவை ஒன்று. நீளம் 50 மீட்டர், அகலம் 10 மீட்டர். நல்ல தண்ணீரில் 4 மீட்டர் அமிழ்ந்து மிதக்கிறது. எடை 2,000 டன். அதன் ஈர்ப்பு மையம் அடியிலிருந்து 3.5 மீட்டர் உயரத்தில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். மிதப்பு மையம் அமிழ்ந்த ஆழத்தில் பாதி, 2 மீட்டர். மிதப்பு மையத்திலிருந்து மெட்டாசென்டர் வரை உள்ள தூரம், அகலத்தின் வர்க்கத்தைப் பன்னிரண்டு மடங்கு ஆழத்தால் வகுத்தால் வரும்: 100-ஐ 48-ஆல் வகுத்தால் 2.08. ஆக மெட்டாசென்டர் அடியிலிருந்து 4.08 மீட்டர் உயரத்தில். அதில் ஈர்ப்பு மையம் 3.5-ஐக் கழித்தால் 0.58 மீட்டர். இதுதான் மெட்டாசென்ட்ரிக் உயரம். கப்பல் நிமிர்ந்து நிற்கும்.

இதன்மேல் 12 மீட்டர் உயரத்தில் வெறும் 100 டன்னுக்கு ஒரு தளம் போடுகிறோம். எடை ஐந்து சதவிகிதம்தான் கூடுகிறது, பயப்பட என்ன இருக்கிறது என்று தோன்றும். போட்டுப் பாருங்கள். புதிய ஈர்ப்பு மையம் 3.90 மீட்டர். ஆழம் 4.2 மீட்டர் ஆகிறது. மிதப்பு மையம் 2.1. வகுத்து வருவது 1.98. மெட்டாசென்டர் 4.08-லேயே நிற்கிறது. மிச்சம் 0.18 மீட்டர்! ஐந்து சதவிகித எடை, நிமிர்ந்து நிற்கும் சக்தியில் மூன்றில் இரண்டு பங்கைத் தின்றுவிட்டது. இதற்குமேல் விமானங்கள் ஒரு பக்கமாக நின்று, காற்றும் அடித்தால் என்ன ஆகும்?

பரிகாரம் அகலத்தில் இருக்கிறது. தண்ணீர் மட்டத்தில் இரண்டு பக்கமும் அரை மீட்டர் புடைப்பு வைத்து அகலத்தை 11 மீட்டர் ஆக்குங்கள். புடைப்பின் எடையை இப்போதைக்கு விட்டுவிடுவோம். ஆழம் 3.82 ஆகக் குறையும். மிதப்பு மையம் 1.91. வகுத்து வருவது 2.64. மெட்டாசென்டர் 4.55. மெட்டாசென்ட்ரிக் உயரம் 0.65. போனது திரும்பி வந்துவிட்டது, கொஞ்சம் கூடவே.

இந்தக் கணக்கைப் பட்டறைக் கரும்பலகையில் போட்டுக் காட்டினேன். பெரியப்பா ரொம்ப நேரம் பார்த்தார். "அப்ப அகலம் பண்ணணும்னு சொல்லு. லாரிய அகலம் பண்ண ஆர்.டி.ஓ. உடமாட்டானே" என்றார். அவ்வளவுதான் அவருக்குச் சொல்ல வேண்டியிருந்தது.

உண்மையான கப்பல்களிலும் இதைத்தான் செய்தார்கள். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கா, கட்டிக்கொண்டிருந்த 'கிளீவ்லண்ட்' வகை குரூஸர்களில் ஒன்பதை 'இன்டிபென்டன்ஸ்' வகை சிறிய விமானந்தாங்கிகளாக மாற்றியது. குரூஸரின் மெலிந்த உடம்பு மேல்தளத்தைத் தாங்காது என்பதால் அகலத்தை 5 அடி கூட்டினார்கள். 'சாரடோகா'வின் கதை இன்னும் சுவாரசியம். அதன் மாபெரும் புகைபோக்கியும் பீரங்கிகளும் எல்லாம் வலதுபுறத்தில். கப்பல் எப்போதும் வலதுபுறம் சாயப் பார்க்கும். அதை ஈடுகட்ட இடதுபுறத் தொட்டிகளில் எண்ணெயை வைத்துக்கொண்டே ஓடவேண்டிய நிலை. அந்த எண்ணெயை எரித்துவிட்டால் மறுபடி சாயும்! கடைசியில் 1942-ல் வலதுபுறத்தில் மட்டும் ஏழடிப் புடைப்பு ஒன்றை வைத்தார்கள்.

ஒரு எச்சரிக்கை. மெட்டாசென்ட்ரிக் உயரம் கூடக் கூட நல்லது என்று நினைத்துவிட வேண்டாம். ரொம்ப அதிகமானால் கப்பல் வெடுக் வெடுக்கென்று ஆடும். தஞ்சாவூர் பொம்மை எவ்வளவு வேகமாக நிமிர்கிறது என்று பார்த்திருப்பீர்கள். அப்படி ஆடுகிற தளத்தில் விமானம் இறங்க முடியாது.

புகை எங்கே போகும்?

விமானம் இறங்கத் தளம் காலியாக இருக்கவேண்டும். ஆனால் போர்க்கப்பலுக்கு நட்டநடுவில்தான் புகைபோக்கியும் மேடையும். இந்தச் சிக்கலை முதலில் அனுபவித்தது பிரிட்டனின் 'ஃப்யூரியஸ்'. 1917-ல் முன்பக்கப் பெரிய பீரங்கியை எடுத்துவிட்டு, அங்கே ஒரு புறப்படும் தளம் போட்டார்கள். ஆகஸ்ட் 2-ம் தேதி எட்வின் டன்னிங் என்ற அதிகாரி, ஓடிக்கொண்டிருக்கும் கப்பலில் முதன்முதலாக விமானத்தை இறக்கிக் காட்டினார். ஐந்தே நாளில் மறுபடி முயன்றபோது விமானம் கடலில் விழுந்து இறந்துபோனார். பின்னர் பின்பக்கமும் ஒரு தளம் போட்டார்கள். ஆனால் நடுவே மேடையும் புகைபோக்கியும் அப்படியே நின்றன. அவற்றைச் சுற்றி வரும் காற்றுச் சுழலும் சூடான புகையும் இறங்குகிற விமானங்களைப் புரட்டிப் போட்டன. பாதி வேலை பாதி வேலைதான் என்று ஒப்புக்கொண்டு, நடுவில் இருந்ததையெல்லாம் எடுத்துவிட்டு முழுத்தளம் போட்டு முடிக்க 1925 ஆகிவிட்டது.

ஜப்பானின் 'காகா' முதலில் போர்க்கப்பலாகத் தொடங்கப்பட்டது. 1922 வாஷிங்டன் ஒப்பந்தத்தால் பெரிய போர்க்கப்பல்களுக்குத் தடை வந்தது. விமானந்தாங்கியாக மாற்றத் தேர்ந்தெடுக்கப்பட்டது உண்மையில் 'அமாகி' என்ற வேறொரு கப்பல். 1923 செப்டம்பரில் டோக்கியோ வட்டாரத்தை அழித்த பெரும் பூகம்பத்தில், யார்டில் இருந்த அமாகியின் உடம்பு முறுக்கிக்கொண்டது. சிவில் நண்பர்கள் கவனிக்க: நிலம் ஆடியதில் ஒரு கப்பல் கெட்டது! அதற்குப் பதிலாகத்தான் காகா. அதன் புகையைத் தளத்துக்கு மேலே விடாமல், கப்பலின் இரு பக்கமும் நீளக் குழாய் வைத்துப் பின்பக்கம் கொண்டுபோனார்கள். பக்கத்தில் இருந்த அறைகள் அடுப்பங்கரை ஆகிவிட்டன. 1930-களில் அதைப் பிரித்து மறுபடி கட்டினார்கள்.

எலக்ட்ரிக்கல் நண்பர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது என்பதற்காக ஒரு துணுக்கு. லெக்சிங்டன் கப்பலில் நீராவி டர்பைன் ஜெனரேட்டரைச் சுற்றி, மோட்டார்கள் புரொப்பெல்லரைச் சுற்றின. 1929 டிசம்பரில் அமெரிக்காவின் டகோமா நகரத்தில் வறட்சியால் நீர்மின்சாரம் தட்டுப்பட்டபோது, இந்தக் கப்பலைத் துறைமுகத்தில் கட்டி ஏறக்குறைய ஒரு மாதம் ஊருக்குக் கரண்ட் கொடுத்தார்கள்.

இறங்கும் இடியும் ஏறும் மேடும்

சென்னை விமான நிலையத்தில் பயணிகள் விமானம் தரையைத் தொடும்போது மூக்கை லேசாகத் தூக்கி மெதுவாக அமரும். கப்பலில் அதற்கெல்லாம் இடம் கிடையாது. வந்த சரிவிலேயே நேராக வந்து தளத்தில் 'டம்' என்று மோதவேண்டும். உடனே விமானத்தின் வால் கொக்கி, குறுக்கே கட்டிய எஃகு வடத்தைப் பிடிக்க வேண்டும். விக்ரமாதித்யாவில் இப்படி மூன்று வடங்கள்.

கணக்குக்காக 15 டன் விமானம், தளத்தைப் பொறுத்து விநாடிக்கு 60 மீட்டர் வேகம், 90 மீட்டரில் நிற்கவேண்டும் என்று வைத்துக்கொள்வோம். வேகத்தின் வர்க்கம் 3,600, அதை 180-ஆல் வகுத்தால் 20. அதாவது புவியீர்ப்பைப்போல் இரண்டு மடங்கு. விசை 300 கிலோநியூட்டன், சுமார் 30 டன் இழுப்பு. இந்த இழுப்பு வடத்தோடு முடிவதில்லை. கப்பி, அதன் அடித்தளம், கீழே உள்ள ஃப்ரேம் என்று கப்பலின் எலும்புவரை போகும். செங்குத்தாக இறங்கும் விமானத்துக்காகக் கட்டிய பழைய தளத்தில் இப்படி ஒரு இழுப்புக்கு வழியே இல்லை. அதனால்தான் வடம் உள்ள பகுதியையும் ஓடுபாதையையும் அடியிலிருந்து பலப்படுத்தினார்கள். இறங்கும் பாதையின் நீளம் போதாமல் கப்பலின் பின்பக்கத்தையும் நீட்டினார்கள்.

முன்பக்கம் ஏவுகணைகளை எடுத்த இடத்தில் 14 டிகிரி மேடு. இதை ஸ்கை ஜம்ப் என்பார்கள். விமானம் பறக்கப் போதுமான வேகம் வருவதற்கு முன்பே மேட்டிலிருந்து மேல்நோக்கி எறியப்படும். அந்தரத்தில் கிடைக்கும் சில விநாடிகளில் மீதி வேகத்தைச் சேர்த்துக்கொள்ளும். சும்மா சாய்வாகத் தகடு வைத்தால் போதாதா? போதாது. வளைவில் ஓடும்போது மையநோக்கு விசை வருகிறது. விநாடிக்கு 45 மீட்டர் வேகம், வளைவின் ஆரம் 200 மீட்டர் என்றால் முடுக்கம் சுமார் 10. அதாவது அந்த இடத்தில் விமானம் தன் எடையைப்போல் இரண்டு மடங்காகத் தளத்தை மிதிக்கும். இதைக் கப்பலின் மூக்கு நுனியில், அலை நேராக அறையும் இடத்தில் தாங்கவேண்டும்.

இந்த மேடு நமக்குப் புதிதல்ல. 1987-ல் இந்தியாவுக்கு வந்த விராட், பிரிட்டனின் 'ஹெர்மிஸ்' ஆக இருந்தபோதே 12 டிகிரி மேடு வைக்கப்பட்ட கப்பல். 1961-ல் சேர்ந்த பழைய விக்ராந்திலும் விமானத்தை எறியும் நீராவிக் கவணை எடுத்துவிட்டுப் பின்னாளில் மேடு வைத்தார்கள்.

விக்ரமாதித்யாவில் மொத்தம் 234 புதிய உடற்பகுதிகள், 2,500 டன் எஃகு. அகலம் போதாத இடத்தில் பக்கவாட்டில் பால்கனி மாதிரி ஸ்பான்சன்கள் நீட்டப்பட்டன. அவையெல்லாம் கேன்டிலீவர்கள், வேரில்தான் மொத்த மொமென்ட்டும். பழைய எஃகோடு புதிய எஃகைப் பற்றவைப்பது பெரியப்பாவுக்கே அலர்ஜி. லாரி சேஸிஸில் வெல்டிங் கம்பியே வைக்கமாட்டார், போல்ட்தான். சூடு பட்ட இடம் குணம் மாறிவிடும் என்பார். கப்பலில் போல்ட் போட்டுத் தப்பிக்க முடியாது. பற்றவைத்த சூட்டில் தகடு நெளியும், உள்ளே ஸ்ட்ரெஸ் தங்கும், பின்பக்கத்தில் உள்ள பெயின்ட்டும் வயரும் எரியும்.

வயர் என்றதும் சொல்லவேண்டும். மொத்தம் 2,300 கிலோமீட்டர் புதிய கேபிள். சென்னையிலிருந்து டெல்லிக்கு ரயிலில் போனால்கூட அவ்வளவு தூரம் வராது. 2,500 அறைகளில் 1,750 அறைகளை ஏறக்குறையப் புதிதாகவே கட்டினார்கள். பிரிக்கப் பிரிக்க வேலை கூடியது. பழைய வீட்டுச் சுவரில் ஒரு ஜன்னல் வைக்கப்போய் சுவரையே இடித்துக் கட்டிய கதை நம் ஊரில் எத்தனை! விலை 2010-ல் 235 கோடி டாலராக ஏறியது. நம் தலைமைத் தணிக்கை அதிகாரி 2009-லேயே இதைக் கடுமையாகக் குறை சொன்னார்: ஆயுள் குறைந்த பழைய கப்பலுக்குப் புதுக் கப்பலைவிட அதிகம் கொடுக்கிறோம் என்று.

அத்தனைக்கும் பிறகு 2012 செப்டம்பரில் சோதனை ஓட்டம். எட்டு பாய்லர்களும் புதியவை, கறுப்பு எண்ணெய்க்குப் பதில் டீசலில் ஓடுபவை. முழு வேகம் கொடுத்ததும் உள்ளே வெப்பம் தாங்கும் செங்கல் பூச்சு கெட்டு, எட்டில் ஏழு பாய்லர்கள் நின்றன. ஆஸ்பெஸ்டாஸ் உடம்புக்குக் கேடு என்று இந்தியா வேண்டாம் என்றதால் செங்கல் வைத்ததாகச் சொன்னார்கள். ஆஸ்பெஸ்டாஸை மறுத்தது சரிதான் என்பது என் அபிப்பிராயம். மாற்றுப் பொருளை முழுச் சூட்டில் முன்பே சோதிக்காததுதான் தவறு. சரிசெய்து முடிக்க இன்னும் ஒரு வருடம். 2013 நவம்பர் 16-ம் தேதி கப்பல் நம் கடற்படையில் சேர்ந்தது.

அவசரம் என்ன செய்யும்?

ஒன்பது வருடம் என்று கோபப்படுகிறோம். அவசரப்பட்ட ஒரு கப்பலும் உண்டு. ஜப்பானின் 'ஷினானோ', யமாட்டோ வகைப் பெரும் போர்க்கப்பலாக 1940-ல் தொடங்கப்பட்டது. 1942-ல் மிட்வே போரில் ஜப்பான் நான்கு விமானந்தாங்கிகளை இழந்ததும், இதை விமானந்தாங்கியாக மாற்ற உத்தரவு. வேலை முடியாமலே 1944 நவம்பர் 19-ம் தேதி பணியில் சேர்த்தார்கள். அறைகளுக்குள் தண்ணீர் புகாத கதவுகள் எல்லாம் பொருத்தி முடியவில்லை. காற்றழுத்தம் கொடுத்து ஒவ்வொரு அறையையும் சோதிக்கும் வேலையை நேரமில்லை என்று விட்டுவிட்டார்கள். குழாயும் கேபிளும் போகும் ஓட்டைகள் பல இடங்களில் அடைக்கப்படவில்லை. பத்தே நாளில், நவம்பர் 29 அதிகாலை, 'ஆர்ச்சர்ஃபிஷ்' என்ற அமெரிக்க நீர்மூழ்கியின் நான்கு டார்பிடோக்கள் பட்டன. அவ்வளவு பெரிய கப்பல் நான்கு அடிக்குத் தாங்கியிருக்க வேண்டும். ஆனால் தண்ணீர் அறைக்கு அறை நடந்து போனது. சில மணி நேரத்தில் கவிழ்ந்து, 1,400 பேருக்கு மேல் இறந்தார்கள். இதைப் படித்த பிறகு, நம் ஒர்க்‌ஷாப்பில் பிரஷர் டெஸ்ட் எடுக்கச் சொன்னால் முணுமுணுப்பதை நான் விட்டுவிட்டேன்.

இந்த மாற்றும் வேலை பழங்கதை என்று நினைக்காதீர்கள். ஜப்பான் தன் 'இசுமோ' வகை ஹெலிகாப்டர் கப்பல்களை எஃப்-35பி விமானம் இறங்கும்படி மாற்றத் தொடங்கியது. அந்த விமானம் செங்குத்தாக இறங்கும்போது கீழ்நோக்கி வரும் நெருப்புக் காற்றைத் தாங்கத் தளத்துக்கு வெப்பம் தாங்கும் பூச்சு, முன்பக்கத்தைக் குறுகலிலிருந்து சதுரமாக்குவது, இவைதான் முக்கிய வேலை. இரண்டாவது கப்பலுக்கு என்ன பெயர் தெரியுமா? 'காகா'. அதில் 2024-ல் விமானச் சோதனைகள் நடந்தன.

பெரியப்பாவிடம் இதையெல்லாம் சொல்லி முடித்தேன். விக்ரமாதித்யா வாங்கியது சரியா தப்பா என்று நான் கேட்டதற்கு, "2017-ல விராட்டுக்கு ரிட்டயர்மென்ட்டுன்ற. கொச்சி கப்பல் 2022-லதான் வந்துச்சுன்ற. நடுவுல அஞ்சு வருஷம் கையில என்னா இருந்துச்சு?" என்று திருப்பிக் கேட்டார். விலையைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை. எனக்கு இன்னும் விலை உறுத்துகிறது. ஆனாலும் அவர் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை.

கடைசியாக உங்களுக்கு ஒரு கணக்கு. மேலே சொன்ன மிதவையில் தளம் போட்ட பிறகு, அகலத்தை 11 மீட்டருக்குப் பதில் பத்தரை மீட்டர் மட்டும் ஆக்கினால் மெட்டாசென்ட்ரிக் உயரம் என்ன? பக்கத்தைப் புரட்டாமல் போட்டுப் பாருங்கள். விடை 0.39 மீட்டர் வரவேண்டும்.